ஒரு டெவ்_புட் சேர்த்தேன், செய்தி நின்றுவிட்டது: இது சரியான திருத்தமா?

கேள்வி, 5 ஆகஸ்ட் 2024

எங்கள் ரவுட்டரில் லினக்ஸ் 4.19 கெர்னல். நாங்களே எழுதிய டனல் டிரைவர் ஒன்று அதில் இருக்கிறது, மெயின்லைனில் (லினக்ஸின் பொது மூலக் கோடில்) இல்லாதது. ஈத்0.100 என்ற விலேன் (ஒரே போர்ட்டின் மேல் தனியாகப் பிரித்த வலை) இன்டர்ஃபேஸின் மேல் டனல் ஓடும். டெஸ்ட் ஸ்கிரிப்ட் முடிந்து அந்த விலேனை அழித்தால் கட்டளை தொங்கிவிடுகிறது. கன்சோலில் 10 நொடிக்கு ஒருமுறை, 'ஈத்0.100 விடுபடக் காத்திருக்கிறது, யூசேஜ் கவுண்ட் = 1' என்று அன்ரெஜிஸ்டர்_நெட்டிவைஸ் செய்தி, அதாவது யாரோ ஒருவர் அதை இன்னும் பிடித்திருக்கிறார். எங்கள் டிரைவரின் நோட்டிஃபையரில் (கெர்னலின் அறிவிப்புகளைக் கேட்கும் செயல்பாட்டில்), விலேன் அழிக்கப்படும் நிகழ்வு வரும் இடத்தில், அந்த எண்ணிக்கையில் ஒன்றைக் குறைக்கும் டெவ்_புட் ஒன்றைச் சேர்த்தேன். செய்தி நின்றுவிட்டது. சீனியர் பேட்சை ஏற்க மாட்டேன் என்கிறார். எண்ணிக்கை சுழியத்துக்கு வந்துவிட்டதே, பிறகென்ன?

5 ஆகஸ்ட், இரவு

உங்கள் சீனியர் பக்கம்தான் நான்.

எண்ணிக்கை என்பது ஒரு கூட்டுத்தொகை. அந்த 1 யாருடையது என்று அது சொல்லாது. நெட்_டிவைஸை, அதாவது கெர்னலுக்குள் இன்டர்ஃபேஸைக் குறிக்கும் பொருளை, கையில் வைத்துக்கொள்கிறவன் டெவ்_ஹோல்ட் போட்டுப் பிடிக்கிறான், வேலை முடிந்ததும் டெவ்_புட் போட்டு விடுகிறான். பிடித்தவன்தான் விட வேண்டும். உங்கள் டிரைவரில் யாரோ பிடித்துவிட்டு விடாமல் போயிருக்கிறான். நீங்கள் அவனைத் தேடாமல், கதவை மூடும் நேரத்தில் வேறொருவன் கையால் அந்தப் பிடியை விடுவித்திருக்கிறீர்கள். கசிவு நடக்காத நாளில் அந்தக் கூடுதல் டெவ்_புட் யாருடைய பிடியை விடும்? வேறு யாரோ நியாயமாக வைத்திருக்கும் பிடியைத்தான். அப்போது சாதனத்தின் நினைவகம் உடனே விடுபட்டு, அதை இன்னும் பயன்படுத்திக்கொண்டிருப்பவன் காலி இடத்தை மிதிப்பான்.

ஒன்று கேட்கிறேன். உங்கள் டெஸ்ட் ஸ்கிரிப்டில் வேண்டுமென்றே தோற்க வைக்கிற கட்டளை ஏதாவது உண்டா? தப்பான எம்டியூ (பாக்கெட்டின் உச்ச அளவு), இல்லாத முகவரி என்று? கசிவு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். எல்லாம் நல்லபடியாக முடியும் வழியை எல்லோரும் நூறு தடவை ஓட்டியிருப்பார்கள். பாதியில் பிழையோடு திரும்பும் வழியில் ஆள் நடமாட்டமே இருக்காது.

இரண்டு சோதனை செய்யுங்கள், உங்கள் டெவ்_புட்டை வைத்துக்கொண்டே. தோற்கும் கட்டளை எதுவும் இல்லாமல் ஓட்டி விலேனை அழியுங்கள்: யூசேஜ் கவுண்ட் = -1 என்று வரும். மூன்று முறை தோற்க வைத்து அழியுங்கள்: 2 என்று நிற்கும்.

6 ஆகஸ்ட்

நேற்று 'உடனே' என்று எழுதியதைத் திருத்துகிறேன். சாக்கெட்டுக்கு அது சரி: சாக்கெட்டின் பிடியை விடும் சாக்_புட் கடைசியாக விழுந்த கணத்திலேயே சாக்கெட் போய்விடும். நெட்_டிவைஸ் வேறு மாதிரி. 2010-இல் கெர்னல் நெட்வொர்க்கிங் டெவலப்பர் எரிக் டுமசே அதன் எண்ணிக்கையைச் சிபியுவுக்கு ஒன்றாகப் பிரித்துவிட்டார். 0-ஆம் சிபியுவில் பிடித்து 3-ஆம் சிபியுவில் விட்டால் ஒன்றில் +1, மற்றதில் -1. எல்லாவற்றையும் கூட்டினால்தான் பொருள். பாக்கெட் ஓடும் பாதையில் எல்லாச் சிபியுவும் ஒரே கேஷ் லைனுக்கு அடித்துக்கொள்ளாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. அதற்குக் கொடுத்த விலை, எண்ணிக்கை சுழியத்தைத் தொடும் கணத்தை யாராலும் பார்க்க முடியாது என்பது. அதனால்தான் அழிக்கும்போது நெட்டெவ்_வெயிட்_ஆல்ரெஃப்ஸ் 250 மில்லிநொடி தூங்குவதும், எழுந்து கூட்டிப் பார்ப்பதும், மறுபடி தூங்குவதுமாக இருக்கிறது.

ஆக கூடுதல் டெவ்_புட் நடுவில் எப்போது விழுந்தாலும் ஒன்றும் ஆகாது. அழிக்கும் நேரத்தில்தான் கணக்கு பேசும்.

8 ஆகஸ்ட்

முடிவுகள் வந்துவிட்டன. என் இரண்டு கணிப்பும் தவறு.

தோல்வி இல்லாத ஓட்டத்தில் அவருக்கு வந்தது -1 இல்லை, -9. அடுத்த செய்தியில் -18. மூன்று தோல்வி வைத்த ஓட்டத்தில் செய்தியே வரவில்லை. கட்டளை திரும்ப மட்டும் ஏறக்குறைய 2 நொடி ஆனது.

நேற்று மாலை முழுக்க 4.19-இன் டெவ்.சி கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தக் காத்திருக்கும் வளையத்தை இத்தனை வருடத்தில் எத்தனை முறை படித்திருப்பேன், ஒரு வரியைச் சரியாகக் கவனித்ததே இல்லை. எண்ணிக்கை சுழியமாகாத வரை, நொடிக்கு ஒருமுறை அது 'இந்தச் சாதனம் போகிறது' என்ற அறிவிப்பை எல்லா நோட்டிஃபையருக்கும் திரும்ப அனுப்புகிறது. முதல் அறிவிப்பைத் தவறவிட்டவன் இப்போதாவது விடட்டும் என்பதற்காக.

உங்கள் டெவ்_புட் இருப்பது அந்த நோட்டிஃபையருக்குள். ஒவ்வொரு நொடியும் அது ஓடுகிறது, ஒவ்வொரு முறையும் ஒன்றைக் கழிக்கிறது. மூன்று கசிவு இருந்தால் முதல் அறிவிப்பில் ஒன்று, பிறகு நொடிக்கு ஒன்றாக இரண்டு. 2 நொடியில் சுழியம், செய்தி வெளியே வர 10 நொடி வேண்டும், அதனால் யாருக்கும் தெரியாது. கசிவே இல்லையென்றால் முதல் அறிவிப்பிலேயே -1, வளையம் சுழியத்தை மட்டும்தான் எதிர்பார்க்கிறது, நொடிக்கு ஒன்றாகக் கீழே போய்க்கொண்டே இருக்கும். உங்கள் -9-உம் -18-உம் அதுதான்.

இதில் எனக்குப் பயம் தருவது மூன்றாவது நிலை, நீங்கள் இன்னும் பார்க்காதது. விலேனை அழிக்கும்போது ஒரு ரூட், ஒரு நெய்பர் பதிவு, ஏதோ ஒன்று நியாயமாகவே அதை இன்னும் 5 நொடி பிடித்துக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். வளையம் அதற்காகத்தான் காத்திருக்கிறது. உங்கள் நோட்டிஃபையர் நொடிக்கு ஒரு பிடியைத் தின்கிறது. 5 நொடி ஆகும் முன்பே கூட்டுத்தொகை சுழியம், கெர்னல் நம்பி நினைவகத்தை விடுவித்துவிடும். பிடித்திருந்தவன் பிறகு வந்து தொடும்போது அங்கே வேறு எவனுடைய தரவோ இருக்கும். அந்தக் கிராஷ் உங்கள் டிரைவரில் வராது. யார் வீட்டிலோ வரும்.

தொங்குகிற கட்டளை எரிச்சல்தான். ஆனால் அது உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது.

9 ஆகஸ்ட்

கிடைத்துவிட்டது. அவர் அனுப்பிய செயல்பாட்டைப் படித்தேன். டனலின் அமைப்பை மாற்றும் செயல்பாடு, 40 வரிதான்.

முதலில் டெவ்_கெட்_பை_இண்டெக்ஸ் கொண்டு கீழ் இன்டர்ஃபேஸைத் தேடுகிறது. இந்த அழைப்பு சாதனத்தைப் பிடித்துத்தான் கையில் கொடுக்கும். சாதனம் இல்லையென்றால் திரும்புகிறது, சரி. அப்புறம் சாதனம் மேலே வந்திருக்கிறதா என்று பார்க்கிறது. இல்லையென்றால் 'அவுட்_புட்' என்ற லேபிளுக்குத் தாவி, டெவ்_புட் போட்டுத் திரும்புகிறது, இதுவும் சரி. அடுத்து எம்டியூ சோதனை. கேட்ட எம்டியூ கீழ் இன்டர்ஃபேஸுக்கு அடங்காவிட்டால் நேரடியாக ஈஇன்வால் (தவறான மதிப்பு) பிழையோடு ரிட்டர்ன். லேபிளுக்குப் போகவில்லை. அந்த மூன்று வரி மட்டும் ஆறு மாதம் கழித்து இன்னொருவர் சேர்த்தது என்று கிட் பிளேம் காட்டுகிறதாம்.

எனக்கு ஆச்சரியமே இல்லை. செயல்பாட்டை முதலில் எழுதியவருக்குப் பிடி எங்கே, விடு எங்கே என்பது மனதில் இருக்கும். பின்னால் ஒரு சோதனையை நுழைப்பவர் தான் நுழைக்கும் இடத்தில் கையில் என்னென்ன பிடி இருக்கிறது என்று மேலே ஏறிப் பார்ப்பதில்லை. ரிவ்யூவிலும் டிஃப்பில் அந்த மூன்று வரிதான் தெரியும். பிடித்த வரி திரைக்கு மேலே எங்கோ இருக்கும். நான் ரிவ்யூ செய்யும்போது புதிதாக ஒரு ரிட்டர்ன் வந்தால் டிஃப்பை மூடிவிட்டு முழுக் கோப்பைத் திறப்பேன்.

திருத்தம்: ரிட்டர்னை அவுட்_புட்டுக்குத் தாவலாக மாற்றுங்கள். நோட்டிஃபையரில் சேர்த்ததை எடுத்துவிடுங்கள். இரண்டும் ஒரே பேட்சில் இருக்கட்டும். கமிட் செய்தியில் மூன்று விஷயம் எழுதுங்கள்: யார் பிடித்தது, எந்த வழியில் விடாமல் போனது, இனி யார் விடுவார்கள். 'ரெஃப்கவுண்ட் கசிவு சரிசெய்யப்பட்டது' என்று மட்டும் எழுதினால், அடுத்து வருபவருக்கு அதில் ஒன்றும் இல்லை.

9 ஆகஸ்ட், பின்னிரவு

கோப்பைப் படித்தே கண்டுபிடித்தது இந்த முறை அதிர்ஷ்டம். 40 வரி என்பதால் முடிந்தது. படித்துத் தெரியாவிட்டால் 4.19-இல் என்ன செய்வது என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார்.

அந்தக் கெர்னலில் டெவ்_ஹோல்ட் ஒரு இன்லைன் செயல்பாடு, அழைக்கும் இடத்திலேயே கரைந்துவிடும். கேப்ரோப் (செயல்பாட்டின் பெயரைக் கொண்டு வைக்கும் கண்காணிப்பு) வைக்க அங்கே பெயரே இருக்காது. நான் செய்வது: என் சோதனைக் கெர்னலில் டெவ்_ஹோல்டையும் டெவ்_புட்டையும் இன்லைன் இல்லாத செயல்பாடுகளாக மாற்றி, சந்தேகப்படும் சாதனத்தின் பெயர் வந்தால் மட்டும் அந்த இடத்துக்கு வந்த அழைப்பு வரிசையை (ஸ்டாக்கை) பதிவுசெய்யும் ட்ரேஸ்_டம்ப்_ஸ்டாக் அழைப்பேன். பிரச்சினையை ஒருமுறை நடத்திவிட்டு ட்ரேஸை எடுத்தால் பிடி, விடு எல்லாம் ஸ்டாக்கோடு இருக்கும். அதைப் பிரிண்ட் எடுத்துவிடுவேன். பென்சிலால் ஒவ்வொரு பிடிக்கும் அதன் விடுவைக் கோடு போட்டு இணைத்தால் கடைசியில் ஜோடி இல்லாமல் ஒன்று நிற்கும். ஒருமுறை 212 பிடி இருந்தது, இரண்டு நாள் ஆனது. ஸ்கிரிப்ட் எழுதி இணைக்கவும் பார்த்தேன். பிடிக்கும் செயல்பாடும் விடும் செயல்பாடும் பெயரால் ஒத்துப்போவதில்லை, எந்தப் பிடிக்கு எந்த விடு என்பதை மனிதன்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த இரண்டு நாளில் எனக்கு அந்த சப்சிஸ்டம் மனப்பாடம் ஆகிவிட்டது.

12 ஆகஸ்ட்

எண்ணிக்கை பற்றி நான் இவ்வளவு அழுத்திப் பேசுவதற்குக் காரணம் ஒரு பழைய சம்பவம்.

நான் அப்போது வேலை பார்த்த இடத்தில் கெர்னலை 4.4-இலிருந்து 4.9-க்கு ஏற்றினோம். எங்கள் சொந்த மாடியூல் ஒன்று நெட்ஃபில்டர் ஹுக்கில் (கெர்னலில் பாக்கெட்டுகளை இடைமறிக்கும் இடத்தில்) உட்கார்ந்து, வரும் பாக்கெட்டுக்கு யாராவது லிஸன் செய்கிறார்களா என்று தேடும். தேடல் செயல்பாடு லிஸனர் சாக்கெட்டைத் தரும், நாங்கள் பார்த்துவிட்டு சாக்_புட் போடுவோம். 4.9-இல் கம்பைல் ஆகவில்லை, அந்தச் செயல்பாட்டுக்கு இரண்டு ஆர்குமெண்ட் கூடியிருந்தது. சேர்த்தோம், கம்பைல் ஆனது, டெஸ்ட் பாஸ் ஆனது, அனுப்பிவிட்டோம்.

அந்தச் செயல்பாட்டில் கம்பைலர் சொல்லாத இன்னொன்றும் மாறியிருந்தது. 2016 ஏப்ரலில் வந்து 4.7-இல் சேர்ந்த ஒரு மாற்றம், லிஸனரைத் தேடும்போது எண்ணிக்கையைத் தொடுவதையே நிறுத்திவிட்டது. இணைப்பு கேட்கும் சின் பாக்கெட் வெள்ளமாக வரும்போது எல்லாச் சிபியுவும் அந்த ஒரே லிஸனரின் எண்ணிக்கையை ஏற்றி இறக்கித் திணறுவதுதான் காரணம். லிஸனர் இனி ஆர்சியு (பார்ப்பவர்கள் முடிக்கும் வரை விடுவிப்பைத் தள்ளிவைக்கும் முறை) காவலில் இருக்கும், பிடிக்க வேண்டியதில்லை. அருமையான மாற்றம். ஆனால் நாங்கள் பிடிக்காததை விட்டுக்கொண்டிருந்தோம்.

அன்று சீரியல் கன்சோலில் வந்த வரி இன்னும் கண்முன் நிற்கிறது. 10-ஆம் நிலையில் இருக்கும் டிசிபி சாக்கெட்டை விடுவிக்க முயற்சி, என்று ஒரு முகவரியோடு. 10 என்றால் லிஸன். உயிரோடு கதவைத் திறந்து வைத்திருக்கும் சாக்கெட்டை நம் சாக்_புட் அழித்துவிட்டது. அதற்கு அப்புறம் வந்த கிராஷ்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில். ஒன்று ஃபைல் சிஸ்டத்தில்கூட. அந்தக் கிராஷ்களை ஆராய்ந்தே ஒன்றரை வாரம் போனது. கன்சோல் பதிவில் மூன்று நாள் முன்னால் வந்த அந்த ஒரு வரியை யாரும் மேலே நகர்த்திப் பார்க்கவில்லை.

இன்றைக்கும் கெர்னல் ஏற்றும்போது சிக்னேச்சர் மாறிய ஒவ்வொரு செயல்பாட்டுக்கும் கிட் லாகைப் படிக்காமல் நான் ஆர்குமெண்ட் சேர்ப்பதில்லை.

13 ஆகஸ்ட்

4.9 அப்போதே எச்சரிக்கவில்லையா என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை, 4.9-இல் சாக்கெட்டின் எண்ணிக்கை வெறும் அட்டாமிக் எண்தான். 4.13-இல்தான் அது தன்னையே சரிபார்க்கக்கூடிய ரெஃப்கவுண்ட்_டி வகை ஆனது. அந்தக் கெர்னலாக இருந்து, முழுச் சரிபார்ப்பும் இயக்கப்பட்டிருந்தால், சுழியத்துக்குக் கீழே போகும் முதல் தடவையே எச்சரிக்கை வந்திருக்கும்.

18 ஆகஸ்ட்

'கசிவைவிடக் கூடுதல் விடுதான் ஆபத்து என்றால், சந்தேகம் வந்தால் பிடியை விடாமல் இருந்துவிடலாமா' என்று கேட்டிருக்கிறார்கள். கெர்னலே ஓரளவுக்கு அப்படித்தான் முடிவெடுத்திருக்கிறது. 2017-இல் 4.11-இல் வந்த ரெஃப்கவுண்ட்_டி, எண்ணிக்கை எல்லை தாண்டினால் ஒரு பெரிய மதிப்பில் போய் உறைந்துவிடும். அதற்குப் பிறகு அந்தப் பொருள் எப்போதுமே விடுவிக்கப்படாது. நினைவகம் வீணாகட்டும், ஆனால் விடுவித்த இடத்தை யாரும் தொடக்கூடாது என்ற கணக்கு.

அது பாதுகாப்பு வலை, எழுதும் முறை இல்லை. உறையாத பழைய எண்ணில் வெறும் கசிவே போதும். 2016 ஜனவரியில் வெளியான கீரிங் (கெர்னலில் சாவிகளை வைக்கும் பொருள்) ஓட்டை அப்படிப்பட்டது. நெட்வொர்க்கிங் கோடு இல்லை, ஆனால் பாடம் ஒன்றே: ஒரே பெயரில் செஷன் கீரிங்கில் திரும்பத் திரும்பச் சேர்ந்தால் ஒவ்வொரு முறையும் ஒரு பிடி கசியும். எண்ணிக்கை 32 பிட். பொறுமையாகக் கசியவிட்டுக்கொண்டே இருந்தால் ஒரு சுற்று முடிந்து சுழியத்துக்கு வந்துவிடும். பிடித்திருப்பவர் இருக்கும்போதே பொருள் போய்விடும். 3.8-இலிருந்து அங்கேயே இருந்த பக்.

நெட்வொர்க்கிங் பக்கத்தில் எனக்கு மனதை விட்டுப் போகாதது 2017 ஜூலையில் திருத்தப்பட்ட எம்க்யூ_நோட்டிஃபை என்ற சிஸ்டம் கால். புதிதாகச் சேர்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது அதுதான். பயனர் கொடுத்த ஃபைல் எண்ணிலிருந்து நெட்லிங்க் சாக்கெட்டை (கெர்னலும் நிரல்களும் பேசும் சாக்கெட்டை) பிடிக்கிறது. பிறகு நெட்லிங்க்_அட்டாச்எஸ்கேபி. பெறும் பஃபர் நிரம்பியிருந்தால் அது தூங்கி, எழுந்து, சாக்கெட்டின் பிடியைத் தானே விட்டுவிட்டு 1 என்று திரும்பும்: மறுபடி முதலிலிருந்து தொடங்கு என்று பொருள். கோடு மேலே தாவுகிறது. மறுபடி ஃபைல் எண்ணைப் பார்க்கிறது. தூங்கிய நேரத்தில் இன்னொரு த்ரெட் அந்த ஃபைலை மூடிவிட்டிருந்தால் பிழை, வெளியேறும் வழிக்குத் தாவல். வெளியேறும் வழியில் 'சாக் காலியாக இல்லையென்றால் விடு' என்று இருக்கிறது. சாக் காலியாக இல்லை. முதல் சுற்றின் பழைய பாயிண்டர் அதிலேயே இருக்கிறது. பிடி ஏற்கெனவே விட்டாயிற்று, இரண்டாவது முறை விடுகிறது.

திருத்தம் ஒரே வரி. மேலே தாவுவதற்கு முன் சாக்கைக் காலியாக்கு.

இங்கே எண்ணிக்கையைப் பார்த்து ஒன்றும் புரியாது. யார் கையில் பிடி இருக்கிறது என்பதைப் பாயிண்டர் சொல்ல வேண்டும். விட்ட பிறகும் பாயிண்டர் அங்கேயே இருந்தால் அது பொய் சொல்கிறது. அந்த வரியைப் பார்த்த நாளிலிருந்து நான் புட் போட்டால் அடுத்த வரியில் பாயிண்டரைக் காலியாக்குவேன். தேவையில்லை என்று ரிவ்யூவில் சொல்வார்கள். பரவாயில்லை.

25 ஆகஸ்ட்

'என் மெஷினில் லோ விடுபடக் காத்திருக்கிறது என்று வருகிறது, லூப்பேக்கை யார் பிடிப்பார்கள்?'

லோ, அதாவது மெஷின் தன்னோடு பேசும் லூப்பேக் இன்டர்ஃபேஸ், அதில் தேட வேண்டாம். உங்கள் கெர்னல் 4.15 என்கிறீர்கள். அந்தக் காலத்துக் கெர்னலில் ஒரு இன்டர்ஃபேஸ் போகும்போது, அதைச் சுட்டும் ரூட் பதிவுகள் இன்னும் யார் கையிலாவது இருந்தால், அவற்றின் சாதனத்தை அதே நேம்ஸ்பேஸின் (கன்டெய்னருக்கென்று தனியாக இருக்கும் நெட்வொர்க் சூழலின்) லூப்பேக்குக்கு மாற்றிவிடுவார்கள். பழைய சாதனத்தின் பிடி விடப்படும், லோவின் பிடி ஏறும். ஈத்0 நிம்மதியாகப் போய்விடும். பிறகு கன்டெய்னர் மூடி, நேம்ஸ்பேஸே அழியும்போது லோ மாட்டிக்கொள்ளும். ஆக லோ என்று வந்தால் பெரும்பாலும் யாரோ ஒரு டிஎஸ்டியை, அதாவது ரூட் பதிவை, விடாமல் வைத்திருக்கிறார்கள். டெவ்_புட்டைத் தேடாமல் டிஎஸ்டி_ரிலீஸைத் தேடுங்கள். டிஎஸ்டியைப் பிடித்திருப்பது பெரும்பாலும் ஒரு சாக்கெட் அல்லது வரிசையில் சிக்கிய எஸ்கேபி, அதாவது பாக்கெட்டின் பஃபர்.

டாக்கர் பயன்படுத்துபவர்கள் 2014-லிருந்து இந்த ஒரே செய்தியின் கீழ் வந்து வந்து முறையிட்டதற்கும் இதுதான் காரணம். செய்தி ஒன்று, பக்குகள் பல. 'எனக்கு இந்தப் பேட்சில் சரியாகிவிட்டது' என்று ஒருவர் எழுதுவார், 'எனக்கு ஆகவில்லை' என்று அடுத்தவர் எழுதுவார், இரண்டும் உண்மை. பழைய கெர்னல்களில் இன்னொரு கொடுமையும் உண்டு: ஒரு நேம்ஸ்பேஸ் இப்படித் தொங்கினால் புதிய நேம்ஸ்பேஸ் உருவாக்குவதும் அதன் பின்னால் நின்றுவிடும், மெஷினில் ஒரு கன்டெய்னர்கூட எழாது.

5.3-இலிருந்து இந்தப் பதிவுகளை லோவுக்குப் பதில் பிளாக்ஹோல்_நெட்டெவ் என்ற தனிச் சாதனத்துக்கு மாற்றுகிறார்கள். அது எப்போதும் அழிக்கப்படாதது.

2 செப்டம்பர்

புதிய கெர்னலுக்குப் போக முடிந்தவர்கள் பென்சிலை மறந்துவிடலாம். 5.17-இல், 2022-இல், எரிக் டுமசே ரெஃப் டிராக்கரைக் கொண்டுவந்தார். பிடிக்கும்போதே ஒரு சிறு டிராக்கர் பாயிண்டரையும் கொடுக்க வேண்டும். அதில் அந்தப் பிடியின் ஸ்டாக் பதிவாகும். விடும்போது அதே டிராக்கரைக் கொடுக்க வேண்டும். இப்போது அழைப்புகளின் பெயர் நெட்டெவ்_ஹோல்ட், நெட்டெவ்_புட்.

மளிகைக் கடைப் பற்று நோட்டு மாதிரி. முன்பு கடைக்காரரிடம் 'மொத்தம் 3 பேர் பாக்கி' என்ற எண் மட்டும் இருந்தது. இப்போது பெயர், தேதி, என்ன வாங்கினார் என்று வரிவரியாக இருக்கிறது. காத்திருக்கும் செய்தியோடு யார் எங்கே பிடித்தார்கள் என்ற ஸ்டாக்கும் அச்சாகும். ஒரே பிடியை இரண்டு முறை விட்டால் 'ஏற்கெனவே விடப்பட்டது' என்று, பிடித்த ஸ்டாக்கும் முதலில் விட்ட ஸ்டாக்கும் சேர்ந்தே வரும். எம்க்யூ_நோட்டிஃபை மாதிரியான பக்குக்கு இப்படி ஒன்று இருந்திருந்தால்!

உங்கள் டிரைவர் இன்னும் பழைய டெவ்_ஹோல்டையே அழைத்தால் அந்தப் பிடிக்கு நோட்டில் பெயர் இருக்காது. டிராக்கர் வேலை செய்யவில்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள், இரண்டு பேர் டிரைவரிலும் இதுதான் நிலை. 4.19 டிரைவரை ஒரு புதிய கெர்னலில் சோதனைக்காக மட்டும் கம்பைல் செய்து, பிடிகளை நெட்டெவ்_ஹோல்டாக மாற்றி ஓட்டிப் பார்ப்பது இரண்டு நாள் வேலைக்குத் தகும்.

14 செப்டம்பர்

கொஞ்சம் விலகிப் போகிறேன். ஒவ்வொருவனும் ஒழுங்காகப் பிடித்து ஒழுங்காக விட்டும் கசியும் இடம் ஒன்று உண்டு: யுனிக்ஸ் சாக்கெட்.

யுனிக்ஸ் சாக்கெட் வழியாக இன்னொரு ஃபைலையே அனுப்பலாம். அனுப்பிய ஃபைல் எதிர்ப்பக்கம் எடுக்கும் வரை வரிசையில் பிடிபட்டிருக்கும். இப்போது ஒரு சாக்கெட்டை அதன் சொந்த வரிசைக்கே அனுப்பிவிட்டு, எல்லா ஃபைல் எண்ணையும் மூடிவிடுங்கள். வெளியிலிருந்து யாரும் அதை எட்ட முடியாது. ஆனால் அதன் வரிசை அதையே பிடித்திருக்கிறது, எண்ணிக்கை 1, என்றைக்கும் சுழியமாகாது. இதற்காகவே கெர்னலுக்குள் ஒரு குப்பை சேகரிப்பான் இருக்கிறது. ஒரு ஃபைலின் மொத்தப் பிடியும், வரிசைகளில் பயணத்தில் இருக்கும் பிடியும் சமமாக இருந்தால், வெளியே யாரும் வைத்திருக்கவில்லை என்று சந்தேகிக்கத் தொடங்கும். 2024-இல் வந்த 6.10-இல் குனியுகி இவாஷிமா என்ற டெவலப்பர் அதை முழுக்க மாற்றி எழுதியிருக்கிறார். சாக்கெட்டுகளை வரைபடமாக்கி, டார்ஜனின் வழிமுறையால் ஒன்றையொன்று பிடித்திருக்கும் வட்டங்களைக் கண்டுபிடிக்கிறது. கல்லூரியில் பரீட்சைக்குப் படித்த டார்ஜனை நெட்/யுனிக்ஸ் அடைவுக்குள் பார்த்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

20 செப்டம்பர்

ஸ்டேட்டிக் செக்கர் (ஓட்டாமலே கோடைச் சோதிக்கும் கருவி) காட்டிய இடத்தில் எல்லாம் புட் சேர்த்து 14 பேட்ச் தயார் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அனுப்ப வேண்டாம், பொறுங்கள்.

பெயரை நம்பி ஏமாறும் இடங்கள் இங்கே அதிகம். டெவ்_கெட்_பை_நேம் பிடித்துத் தரும். அதே பெயருக்கு முன்னால் இரட்டை அடிக்கோடு இருந்தால் பிடிக்காது. கடைசியில் ஆர்சியு என்று இருந்தாலும் பிடிக்காது. ஐபி6_ரூட்_அவுட்புட் இன்னும் வேறு மாதிரி: ரூட் கிடைக்காவிட்டாலும் அது நல் தராது. எரர் புலத்தில் பிழையை வைத்து ஒரு டிஎஸ்டியைப் பிடித்தே தரும். பிழை வழியிலும் டிஎஸ்டி_ரிலீஸ் வேண்டும். ஐபிவி4 பக்கத்திலிருந்து கோடை நகல் எடுத்தவர்கள் இதில் கசியவிட்டதை நான் மூன்று தனித்தனி மாடியூலில் பார்த்துவிட்டேன். ஒரு செக்கர் இவ்வளவையும் அறிந்திருக்காது. தவறான புட் ஒன்று சேர்ந்தால், அரிதாக நடக்கும் ஒரு கசிவை நீங்கள் தாக்குபவருக்குப் பயன்படும் ஓட்டையாக மாற்றிக் கொடுக்கிறீர்கள்.

எதிர்த்திசையிலும் நடக்கும். 2023-இல் வந்த சிஎல்எஸ்_யு32 (பாக்கெட்டுகளை வகைபிரிக்கும் கோடு) ஓட்டையில், ஃபில்டரைப் பிணைக்கும் வரி எண்ணிக்கையை மாற்றிவிடும், அதற்குப் பின்னால் இருந்த இன்டர்ஃபேஸ் சோதனை தோற்றால் மாற்றியதைத் திருப்பாமலே பிழையோடு வெளியேறும். அங்கே புட் சேர்ப்பதைவிடச் சரியான வழி, தோற்கக்கூடிய சோதனையை முதலில் வைத்து, எண்ணிக்கையைத் தொடும் வரியைக் கடைசிக்குக் கொண்டுபோவது. 14 பேட்சில் எத்தனைக்கு இப்படி வரிசையை மாற்றினாலே போதும் என்று பாருங்கள். மீதிக்கு, அந்த வழியை உண்மையில் ஓட்டிக் கசிவைக் காட்ட முடிந்தால் மட்டும் அனுப்புங்கள்.

3 அக்டோபர்

முதலில் கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். எம்டியூ வழி சரியாகிவிட்டது: தோல்வி இல்லை, ஒன்று, மூன்று, ஐம்பது, எல்லாவற்றிலும் விலேன் உடனே அழிகிறது. பேட்ச் உள்ளே போய்விட்டது. கமிட் செய்தியை எனக்கும் அனுப்பினார், மூன்று விஷயமும் இருக்கிறது.

ஆனால் டனலை ஒரு வாரம் ஓடவிட்டு அழித்தால் இப்போது டனல்0-வே தொங்குகிறதாம், யூசேஜ் கவுண்ட் = 311. இது வேறு பக். 1, 2 என்று வந்தால் பிழை வழியைப் பார்ப்பேன். நூற்றுக்கணக்கில் வந்தால் திரும்பத் திரும்ப நடக்கும் ஒன்று: பாக்கெட் அல்லது டைமர். பாக்கெட் என்றால் ஒரு வாரத்தில் கோடிக்கணக்கில் வந்திருக்கும். ஆக டைமர்.

உங்கள் டிரைவரில் எதிர்ப்பக்கம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் கீப்அலைவ் டைமர் இருக்கிறதல்லவா? அதை மறுபடி ஓட்டும் இடத்தில் டெவ்_ஹோல்ட், பிறகு மாட்_டைமர் என்று இருக்கிறதா பாருங்கள். டைமர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் மாட்_டைமர் அதன் நேரத்தை மட்டும் தள்ளிவைக்கும். ஓடும் டைமர் ஒன்றே, அது விடப்போகும் பிடியும் ஒன்றே, ஆனால் நீங்கள் இரண்டு முறை பிடித்துவிட்டீர்கள். சாக்கெட் கோடில் எஸ்கே_ரீசெட்_டைமரைத் திறந்து பாருங்கள், இரண்டே வரி: மாட்_டைமர் 0 தந்தால், அதாவது டைமர் இதற்கு முன் ஓடவில்லையென்றால் மட்டும், சாக்_ஹோல்ட். நிறுத்தும் பக்கமும் அப்படியே. டெல்_டைமர் 1 தந்தால், ஓட இருந்ததை நாம்தான் நிறுத்தினோம் என்றால் மட்டும், விடு. 0 தந்தால் டைமர் செயல்பாடு ஓடியிருக்கிறது அல்லது இன்னொரு சிபியுவில் ஓடிக்கொண்டிருக்கிறது, பிடியை அதுவே விடும்.

டைமர் ஓடிக்கொண்டிருக்கும்போது எதிர்ப்பக்கத்திலிருந்து பதில் வந்து கீப்அலைவ் தள்ளிப்போன தடவைகளை எண்ணுங்கள். ஒரு கவுண்டர் போதும். ஒரு வாரம் காத்திருக்க வேண்டாம், இடைவெளியை 1 நொடியாக்கி ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். அந்தக் கவுண்டரும் யூசேஜ் கவுண்டும் ஒன்றாக வந்தால் இடம் இதுதான். வராவிட்டால் இரண்டு எண்ணையும் அனுப்புங்கள், டைமர் செயல்பாட்டின் கோடையும் சேர்த்து.